படகில் கிராஃப்ட் பீருக்கு ஒரு பிளாஸ்டிக் பலகைத் தாங்கி: முழுமையான வழிகாட்டி

பீர் கேனின் பக்கச் சுவர் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். உள்ளே அடைபட்ட வாயுவின் அழுத்தம்தான் அந்த மெல்லிய அலுமினியத் தகட்டை விறைப்பாக நிறுத்துகிறது. வீட்டு அலமாரியில் அதற்கு ஒரு குறையும் வராது. படகில் அப்படியில்லை. ஒவ்வோர் அலைக்கும் அது பக்கத்துக் கேனோடு உரசுகிறது, இடையில் உப்பு நீர் புகுகிறது. உரசிய இடத்தில் பூச்சு போய்விட, உப்பிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசி முனை அளவுக்குக் குழி பறிக்கத் தொடங்குகிறது. சில வாரங்களில் கேன் தானாகவே கசிந்து காலியாகிவிடும்.

நான் படகு வாங்கிய முதல் பருவத்தில் அட்டைப் பெட்டியோடு இரண்டு டஜன் கேன்களைக் கொண்டுபோய்ப் படகின் அடிக்குழியில், அதாவது பில்ஜில், வைத்தேன். குளிர்ச்சியான இடம் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். பருவ முடிவில் தரைப் பலகையைத் தூக்கியபோது ஏழு கேன்கள் காலியாகக் கிடந்தன. அட்டை கூழாகி, பில்ஜ் பம்பின் வடிகட்டியை முழுவதுமாக அடைத்திருந்தது. பீர் போனதைவிட அந்தப் பம்பைப் பார்த்ததுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. படகுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் வெளியேற்ற வழியே இருந்திருக்காது.

படகுத் துறையில் மாலையில் நாலு பேர் கூடினால் பேச்சு இரண்டு விஷயங்களில்தான் வந்து நிற்கும். ஒன்று, யார் எந்தச் சிறு ஆலையின் பீரை, அதாவது கிராஃப்ட் பீரை, கண்டுபிடித்தார்கள் என்பது. மற்றொன்று, யார் எந்த மரப் பாகத்தைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் பலகை வைத்தார்கள் என்பது. இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் சேர்த்து வைக்கிறது. எட்டுக் கேன்களைப் பிடித்துக்கொள்ளும் ஒரு தாங்கியை நீங்களே செய்வதற்கான முழு வழிமுறை இது. ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

வேலையைத் தொடங்கும் முன் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பலகையை மரம்போல நடத்தாதீர்கள். சூட்டுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும், பசையை ஏற்காது, பளுவுக்கு மெல்ல வளையும். பலகைக்கு அசைய இடம் விட வேண்டும், கேனுக்கு அசைய இடம் விடக் கூடாது. கீழே வரும் ஒவ்வோர் அளவும் இந்த இரண்டிலிருந்து பிறந்ததுதான்.

பலகையைப் பற்றி

படகுக்காரர்கள் பயன்படுத்துவது அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பலகை. கிங் ஸ்டார்போர்டு என்ற பெயரில் வரும் பலகை மிகவும் பரவலானது என்பதால், எந்த நிறுவனம் தயாரித்தாலும் பலர் பொதுவாக ‘ஸ்டார்போர்டு’ என்றே சொல்கிறார்கள். படகின் வலப்பக்கத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். ஆகவே தொலைபேசியில் பேசும்போது ‘பிளாஸ்டிக் பலகை’ என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

இது தண்ணீரை உறிஞ்சாது, மக்காது, வார்னிஷ் கேட்காது. நீரைவிடச் சற்றே இலேசானது. அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.95 கிராம் அளவில் இருப்பதால், கை தவறி விழுந்த துண்டும் மிதக்கும். கடல்சார் வகையில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் கலந்திருக்கும். சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பலகையும் பெரும்பாலும் இதே பாலிஎத்திலீன்தான், ஆனால் அதில் அந்தச் சேர்மானம் இருக்காது. கேபினுக்குள் வைக்கும் தாங்கிக்கு அது தாராளமாகப் போதும். வெயிலில் வைத்தால் சில பருவங்களில் வெளிறி நொறுங்கத் தொடங்கும். வெட்டிப் பழகுவதற்கு ஒரு பழைய காய் நறுக்கும் பலகையைவிட நல்ல பொருள் கிடையாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். விறைப்பில் இது பிளைவுட்டில் எட்டில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோதான். 12 மி.மீ. பலகையை ஒரு மீட்டர் நீளத்துக்கு நடுவில் தாங்கல் இல்லாமல் அலமாரியாக வைத்தால், முதல் நாள் நேராக இருக்கும், மூன்றாம் மாதம் தொட்டில்போலத் தொங்கும். இரண்டாவது குறை வெப்ப விரிவு. ஒரு மீட்டர் பலகை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.15 மி.மீ. நீளும். அலுமினியத்தைவிட இது ஐந்து மடங்குக்கும் மேல். காலைக்கும் நண்பகலுக்கும் 25 டிகிரி வேறுபாடு இருந்தால், மீட்டருக்கு நான்கு மி.மீ. நெருங்கிவிடும்.

மூன்றாவது குறை பசை. பாலிஎத்திலீனின் மேற்பரப்பு எதையும் ஒட்டவிடாது. அதனால்தான் பசைக் குப்பிகளையே இந்தப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். எனது முதல் தாங்கியின் மூலைகளைப் படகுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் பாலியூரித்தேன் பசையால் ஒட்டினேன். காய்ந்ததும் இரும்புபோல நின்றது. துறையை விட்டு வெளியேறி முதல் குறுக்கலையில் இறங்கியதும் நான்கு மூலைகளும் ஒன்றாகக் கழன்றன. பசை ஒரு கீற்றுகூடக் கிழியாமல் முழு நாடாவாக உரிந்து வந்தது. சுவாலையால் மேற்பரப்பை இலேசாக வருடிவிட்டு, அதற்கென்றே உள்ள இப்பாக்சியைத் தடவினால் ஓரளவு பிடிக்கும் என்பது உண்மை. வெப்பக் காற்றால் உருக்கி ஒட்டும் முறையும் இருக்கிறது. ஆனால் வீட்டில் செய்பவருக்கு ஸ்க்ரூவும் பள்ளமுமே நம்பகமானவை. இந்தத் தாங்கியில் ஒரு சொட்டுப் பசைகூட இல்லை.

படி 1: கேனை அளங்கள், பிறகு இடத்தை அளங்கள்

330 மி.லி. கேனில் இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. வழக்கமானது 66 மி.மீ. விட்டமும் 115 மி.மீ. உயரமும் கொண்டது. ஒல்லியானது 58 மி.மீ. விட்டமும் 145 மி.மீ. உயரமும் கொண்டது. சிறு ஆலைகள் விரும்பிப் பயன்படுத்தும் 440 மி.லி. கேனும், 473 மி.லி. கேனும், 500 மி.லி. கேனும் விட்டத்தில் அதே 66 மி.மீ.தான், உயரம் மட்டுமே கூடுகிறது. அதாவது, 66-க்குப் பொருந்தும் ஒரு துளை பெரும்பாலான கிராஃப்ட் பீர் கேன்களை ஏற்றுக்கொள்ளும். நீள் கழுத்துப் புட்டியின் விட்டம் 61 மி.மீ. அளவில் இருக்கும். 750 மி.லி. தடிப் புட்டிகள் ஒவ்வோர் ஆலைக்கும் ஒவ்வொரு விதம், அவற்றுக்குத் தனித் தாங்கிதான் வேண்டும்.

துளையை 70 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி கிடைக்கும். அதற்குக் குறைத்தால், குளிரில் பலகை சுருங்கும்போதும், ஈரத் துணியோ குளிர்காப்பு உறையோ சுற்றிய நிலையிலும் கேன் உள்ளே போகாது. கூட்டினால் இரவெல்லாம் தாளம் போடும்.

இடத்தைப் பொறுத்தவரை, நீர்மட்டத்துக்குக் கீழே படகின் வெளிச்சுவரை ஒட்டியிருக்கும் லாக்கர், அதாவது சாமான் வைக்கும் அறைதான் சிறந்தது. அங்குள்ள வெப்பம் வெளியே இருக்கும் நீரின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். படகின் நடுப்பகுதியில் ஆட்டம் மிகக் குறைவு, முனையில் மிக அதிகம். இன்ஜினுக்குப் பக்கத்துச் சுவர் வேண்டாம். அடுப்புக்கும் வெப்பமூட்டிக்கும் அருகிலும் வேண்டாம், இந்தப் பலகை தீப்பிடித்து எரியக்கூடியது, ஏறக்குறைய 130 டிகிரியில் உருகவும் செய்யும். நிறைந்த எட்டுப் பெரிய கேன்கள் நான்கு கிலோவுக்கு அருகில் வரும். அந்தப் பளு கீழே இருக்கும்வரை படகுக்கு நல்லதுதான்.

படி 2: வரைபடம்

இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு கேன். துளைகளின் மையங்களுக்கு இடையே 84 மி.மீ. விட்டால், இரு துளைகளுக்கு நடுவில் 14 மி.மீ. பலகை மிஞ்சும், அந்த அளவு போதும். எல்லாத் துண்டுகளும் 12 மி.மீ. தடிமன்.

மேல் தட்டு: 360 × 190 மி.மீ., எட்டுத் துளைகளோடு.
கீழ்த் தட்டு: 360 × 190 மி.மீ., கேன் உட்காரும் ஒவ்வோர் இடத்தின் நடுவிலும் 25 மி.மீ. வடிகால் துளையோடு.
பக்கத் தட்டுகள் இரண்டு: ஒவ்வொன்றும் 190 × 110 மி.மீ.

பக்கத் தட்டுகளின் உட்புறத்தில் 4 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, மேல் தட்டும் கீழ்த் தட்டும் அதற்குள் உட்காரும்படி செய்கிறோம். பளுவைப் பள்ளம் தாங்கும், ஸ்க்ரூ சேர்த்துப் பிடிப்பதை மட்டும் செய்யும். முடிந்த தாங்கியின் நீளம் 376 மி.மீ. எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கீழ்த் தட்டின் மேற்பரப்பிலிருந்து மேல் தட்டின் மேற்பரப்பு 85 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இந்த எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. கேனைப் பிடிக்கும் தட்டு அதன் பாதி உயரத்துக்கு மேலே இருந்தால், படகு சாயும்போது கேன் வெளியே கவிழப் பார்க்காது. பாதிக்குக் கீழே இருந்தால், ஒவ்வொரு சாய்விலும் தலை வெளியே தள்ளும். 440 மி.லி. கேனின் உயரம் ஏறக்குறைய 150 மி.மீ., அதன் பாதி 75. 85-இல் பிடித்தால் போதிய பிடிமானம் கிடைக்கும். 115 மி.மீ. சிறிய கேனும் 30 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், விரலால் பற்றி எடுக்க அது தாராளம்.

வடிகால் துளையை விட்டுவிடாதீர்கள். குளிர்ந்த கேனில் வியர்க்கும் நீரும், தெறித்த உப்பு நீரும் கேனின் அடியில் தேங்கினால், பில்ஜில் நடந்த அதே அரிப்பு இங்கேயும் நடக்கும். பாலிஎத்திலீன் அலுமினியத்தோடு எந்த வினையும் செய்யாது என்பதுதான் துருப்பிடிக்காத எஃகுக் கூடையைவிட இந்தத் தாங்கி மேலானது என்று நான் சொல்வதற்குக் காரணம். எஃகும் அலுமினியமும் உப்பு நீரில் தொட்டுக்கொண்டால் மின்வேதி அரிப்பில் தோற்பது அலுமினியம்தான், அதாவது உங்கள் கேன்.

படி 3: குறியிடல்

பலகையை வேலை செய்யும் இடத்துக்கு முந்தின இரவே கொண்டுவந்து வைத்துவிடுங்கள். வெயிலில் கிடந்த பலகையில் அளந்து நிழலில் வெட்டினால் அளவு மாறும். பென்சில் இந்தப் பரப்பில் சரியாகப் பதியாது. மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் மேல் கோடு போடுங்கள். துளை மையங்களை ஆணி முனையால் குத்தி அடையாளமிடுங்கள், இல்லையென்றால் டிரில் முனை வழுக்கிக்கொண்டு ஓடும். மேல் தட்டின் மையங்களைக் குறித்தபின், அதைக் கீழ்த் தட்டின் மேல் வைத்து இரண்டையும் சேர்த்து 6 மி.மீ. துளையிட்டுவிட்டால், மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் அமைந்துவிடும்.

படி 4: வெட்டுதல்

மர வேலைக்கான கருவிகளே போதும், ஆனால் அவை கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய பல் வெட்டுவதற்குப் பதிலாகத் தேய்க்கும், தேய்த்தால் சூடேறும், சூடேறினால் பிளாஸ்டிக் உருகி வெட்டிய பிளவை மறுபடி ஒட்டிவிடும். வட்ட ரம்பத்தில் கார்பைடு முனைப் பற்கள் கொண்ட தட்டைப் போடுங்கள். ஜிக்சாவாக இருந்தால் பெரிய பல் கொண்ட அலகும் மிதமான வேகமும் ஏற்றவை. ஒரே சீராகத் தள்ளுங்கள், நடுவில் நிறுத்தி யோசிக்காதீர்கள். நிற்கும் இடத்தில் உருகும்.

பலகை வழுக்கும். கிளாம்ப்புக்கும் பலகைக்கும் இடையில் ரப்பர்த் துண்டு வையுங்கள். கண்ணாடி அணிவது கட்டாயம். மரத் தூள்போலப் பறக்காமல், இது நீண்ட சுருள்களாக வந்து கருவியைச் சுற்றிக்கொள்ளும். அவ்வப்போது நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டித்து, எடுத்துவிட வேண்டும்.

இந்தச் சீவல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவை மிதக்கும், மக்காது, நிலைமின்னால் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். துறைமேடையிலோ படகின் தளத்திலோ வெட்டினால், கால் பங்காவது காற்றோடு தண்ணீருக்குப் போய்விடும். நாம் நேசிக்கும் நீரில் நாமே பிளாஸ்டிக்கைத் தூவுவது எந்த வகையிலும் நியாயமில்லை. கரையில், சுவர்கள் உள்ள இடத்தில், கீழே விரிப்புப் போட்டு வெட்டுங்கள். கடைசிச் சுருள்வரை பொறுக்கிப் பையில் கட்டுங்கள்.

படி 5: எட்டுத் துளைகள்

இந்த வேலையில் பொறுமை கேட்கும் இடம் இதுதான். 70 மி.மீ. வட்டத் துளை ரம்பத்தை நிமிடத்துக்கு 300 சுற்று அளவில் மெதுவாகச் சுழற்றுங்கள். வேகம் கூடினால் பல்லிடுக்கில் உருகிய பிளாஸ்டிக் அடைத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு ரம்பம் வெட்டாது, சூட்டுக் கம்பிபோலப் பலகையை உருக்கும்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. வெட்டப்போகும் வட்டக் கோட்டை உட்புறமாகத் தொட்டுக்கொண்டு, கழிவாகப் போகும் பகுதியில், 8 மி.மீ. துளைகள் இரண்டை முதலிலேயே போட்டுவிடுங்கள். ரம்பப் பல் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துளையைக் கடக்கும்போது சீவலை அதற்குள் உதிர்த்துவிடும். நான் முதலில் இது தெரியாமல் ஒரு துளைக்குக் கால் மணி நேரம் போராடினேன். தெரிந்த பிறகு இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது. பாதி ஆழம் வந்ததும் பலகையைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து முடியுங்கள், இருபுறமும் விளிம்பு சுத்தமாக வரும்.

வெட்டி எடுத்த எட்டு வட்டுகளையும் எறியாதீர்கள். அவற்றுக்குக் கடைசியில் வேலை இருக்கிறது.

படி 6: பள்ளமும் விளிம்பும்

பக்கத் தட்டுகளில் 12 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு பள்ளங்கள். இதற்கு ரூட்டரில், அதாவது பள்ளம் குடையும் மின்கருவியில், கூர்மையான கார்பைடு நேர் அலகு வேண்டும். ஆழத்தை இரண்டு தடவையாக எடுங்கள். பலகையின் உண்மையான தடிமனை அளந்து பார்த்த பிறகே பள்ளத்தின் அகலத்தை முடிவு செய்யுங்கள், 12 என்று எழுதியிருக்கும் பலகை அரை மில்லிமீட்டர் முன்பின் இருப்பது வழக்கம்.

பிறகு எல்லா வெளி விளிம்புகளையும், எட்டுத் துளைகளின் மேல் விளிம்புகளையும், 3 மி.மீ. வளைவு அலகால் உருட்டிவிடுங்கள். வெளி விளிம்பில் ரூட்டரை இடஞ்சுழியாகவும், துளையின் உள்ளே வலஞ்சுழியாகவும் நகர்த்த வேண்டும். மாற்றிச் செய்தால் கருவி கையை விட்டு ஓடப் பார்க்கும். பள்ளத்தில் உட்காரும் முனைகளை மட்டும் உருட்டாமல் சதுரமாக விடுங்கள்.

விளிம்பில் ரம்பத் தடம் தெரிந்தால் மணல் தாளை எடுக்காதீர்கள், இழை இழையாகப் பிசிறு கிளம்பும். கத்தியின் முதுகையோ தச்சர் சுரண்டும் தகட்டையோ செங்குத்தாகப் பிடித்து, நீளவாக்கில் இழுத்தால் மெல்லிய நாடாவாகச் சீவி வரும், பரப்பு மெழுகுபோல ஆகும். எனக்கு இந்தப் பலகை வேலையிலேயே மிகவும் பிடித்தது இந்தச் சீவல்தான்.

இதே சமயத்தில் பக்கத் தட்டுகளின் மேல் விளிம்பில், கேன் வரிசைகளுக்கு நேராக இரண்டு வெட்டுவாய்களைப் போட்டுக்கொள்ளுங்கள். எலாஸ்டிக் கயிறு அதில் மாட்டும்.

படி 7: பூட்டுதல்

316 தர துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ, 4 மி.மீ. தடிமன், 40 மி.மீ. நீளம், அகன்ற மரை. பக்கத் தட்டின் வெளியிலிருந்து, உள்ளே உட்கார்ந்திருக்கும் தட்டின் ஓரத்துக்குள் ஏற வேண்டும். ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று என்று மொத்தம் 12. முன்துளை தட்டின் ஓரத்தில் 3 மி.மீ., பக்கத் தட்டில் ஸ்க்ரூ உரசாமல் போகும் அளவு. முன்துளை இல்லாமல் ஏற்றினால், 12 மி.மீ. ஓரம் வயிறுபோல வெளியே உப்பும்.

கடைசிச் சுற்றுகளைக் கையால் திருகுங்கள். மின் கருவி அரைச் சுற்று கூடுதலாகத் திருகினாலும் உள்ளே வெட்டிய மரை அழிந்து, ஸ்க்ரூ சும்மா சுற்றும்.

தலையின் அடிப்பாகம் தட்டையாக இருக்கும் ஸ்க்ரூவையே வாங்குங்கள். கூம்புத் தலை ஸ்க்ரூ பார்ப்பதற்கு அழகு. ஆனால் அது ஆப்பு மாதிரி பலகையைப் பிளக்கும் திசையில் தள்ளும், விரியவும் விடாது.

படி 8: படகில் பொருத்துதல்

தாங்கிக்குள் எல்லாத் துண்டுகளும் ஒரே பொருள் என்பதால், சேர்ந்து நீண்டு சேர்ந்து சுருங்கும். அங்கே சண்டை இல்லை. தாங்கி படகோடு சேரும் இடத்தில்தான் சண்டை. படகின் ஃபைபர்கிளாஸ் ஏறக்குறைய அசையாது, பலகை அசையும்.

கீழ்த் தட்டில் நான்கு மூலைக்கும் ஒரு ஸ்க்ரூ. ஒன்றின் துளை மட்டும் இறுக்கமான அளவில் இருக்கட்டும், அது தாங்கியின் நிலையான புள்ளி. மற்ற மூன்றும் ஸ்க்ரூவைவிட 2 மி.மீ. பெரியவை. அகன்ற வாஷர் போட்டு இறுக்கி, பிறகு கால் சுற்றுத் தளர்த்துங்கள். 300 மி.மீ. இடைவெளியில் வரும் அசைவு ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அதற்கு இந்த இடம் போதும். இதே முறையில் ஒரு மீட்டர் அலமாரி செய்பவர்கள் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை வெட்ட வேண்டும். நண்பர் ஒருவர் தமது படகின் வெளித்தளத்தில் நீண்ட பலகை ஒன்றை எட்டுக் கூம்புத் தலை ஸ்க்ரூவால் இறுக்கியிருந்தார். கோடையில் அது நடுவில் இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது. நீள்துளை போட்டு மறுபடி பொருத்தியதும் அடங்கிவிட்டது.

துளையிடும் முன், பின்னால் என்ன இருக்கிறது என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். மின்கம்பி, நீர்க்குழாய், எரிபொருள் தொட்டி எல்லாம் இந்த லாக்கர்களுக்குப் பின்னால்தான் ஓடுகின்றன. படகின் வெளிச்சுவரில் ஒருபோதும் துளையிடாதீர்கள். நடுவில் மரமோ நுரையோ வைத்த அடுக்குத் தளமாக இருந்தால், பெரிய துளை போட்டு, கெட்டியாக்கிய இப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பின் அதற்குள் சிறிய துளை போடுங்கள். இல்லாவிட்டால் நடுப் பொருளுக்குள் ஈரம் ஏறி அழுகும்.

துளையே வேண்டாம் என்றால், லாக்கர் அளவுக்கு ஏற்றபடி தாங்கியைச் செருகி, இரு பக்கமும் ரப்பர்த் துண்டால் முட்டுக் கொடுத்துவிடலாம். வாடகைப் படகில் நான் அப்படித்தான் வைத்திருந்தேன், ஒரு பயணத்திலும் நகரவில்லை.

கடைசியாக எலாஸ்டிக் கயிறு. 6 மி.மீ. தடிமன் போதும். கேன்களின் தலைக்கு மேலாக இழுத்து வெட்டுவாயில் மாட்டுங்கள். 61 மி.மீ. புட்டி வைப்பவர்கள், துளையின் உள்சுவரில் பழைய முக்குளிப்பு உடையிலிருந்து வெட்டிய நியோப்ரீன் (நுரை ரப்பர்) பட்டையைச் சுற்றினால், ஆட்டமும் சத்தமும் நிற்கும்.

எதை ஏற்றுவது

தாங்கி முடிந்துவிட்டது. இனி அதில் எந்தப் பீர் உட்காரும் என்பது வெறும் ருசி சார்ந்த கேள்வியல்ல.

பீர் வடிப்பவர்களிடையே ஒரு கணக்கு உண்டு: 3, 30, 300. அதாவது 32 டிகிரியில் மூன்று நாள், 22 டிகிரியில் முப்பது நாள், 3 டிகிரியில் முந்நூறு நாள். ஒரு பீர் இந்த மூன்று நிலையிலும் ஏறக்குறைய ஒரே அளவு பழசாகும் என்பது அதன் பொருள். துல்லியமான விதியல்ல, ஆனால் படகுக்கு மிகவும் பொருந்தும் எச்சரிக்கை. வெயிலில் பூட்டிக் கிடக்கும் கேபினில் ஒரு வார இறுதி, ஆலையிலிருந்து வந்த பீரைச் சாகடிக்கப் போதும். ஹாப் என்ற கசப்புப் பூவின் மணத்தை நம்பியிருக்கும் கலங்கிய ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) வகைதான் முதலில் வீழும். அதை நிறைய வாங்கி அடுக்காமல், அந்தப் பயணத்துக்கு வேண்டியதை மட்டும் ஏற்றி, முதலில் குடித்து முடியுங்கள். கறுப்பு ஸ்டவுட், பார்லி வைன், பெல்ஜிய டிரிப்பல் போன்ற வலுவான வகைகள் பொறுத்துக்கொள்ளும். நீண்ட பயணத்துக்கு நான் எடுத்துப்போவது அவைதான்.

ஒளி இன்னொரு பகை. ஹாப்பிலிருந்து வரும் கசப்புப் பொருள் நீல ஒளியிலும் புற ஊதா ஒளியிலும் சிதைந்து ஒரு கந்தகச் சேர்மமாகிறது. அதன் நாற்றத்தை நம் மூக்கு மிக நுண்ணிய அளவிலேயே கண்டுபிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும், பச்சை குறைவாகவே தடுக்கும், நிறமற்றது தடுக்கவே தடுக்காது. கேனுக்குள் ஒளி புகாது. வெறுங்காலோடு நடக்கும் படகுத் தளத்தில் கண்ணாடி உடையும் ஆபத்தையும் சேர்த்துப் பார்த்தால், படகுக்குக் கேன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

புட்டிக்குள்ளேயே நொதித்த பீரின் அடியில் வண்டல் இருக்கும், அலை அதைக் கலக்கிவிடும். கோதுமைப் பீருக்கு அதனால் கெடுதல் இல்லை. மற்றவற்றை நங்கூரமிட்ட பிறகு சில மணி நேரம் நிற்கவிட்டு ஊற்றுங்கள். குலுங்கிய கேனுக்கும் அதே மருந்து, அமைதியும் குளிர்ச்சியும். திறப்பதற்கு முன் கேனை விரலால் தட்டினால் நுரை பொங்காது என்று பலர் நம்புகிறார்கள். டென்மார்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேன்களை வைத்து ஆய்வாளர்கள் சோதித்தபோது தட்டியதும் தட்டாததும் ஒன்றாகவே பொங்கின.

நான் தாங்கியிலிருந்து முதல் கேனை எடுப்பது நங்கூரம் நன்றாகப் பிடித்துவிட்டது என்று உறுதியான பிறகுதான். வெயில், ஆட்டம், களைப்பு மூன்றும் ஏற்கெனவே தலையைச் சுற்ற வைத்திருக்கும்போது, மது அதை இரட்டிப்பாக்கும். இரவில் காற்று திரும்பினால் படகை நகர்த்த, ஒருவராவது குடிக்காமல் இருக்க வேண்டும். எங்கள் படகில் அது யார் என்பதைக் கேனைத் திறக்கும் முன்பே பேசி முடித்துவிடுவோம்.

மிஞ்சிய துண்டுகள்

எட்டு வட்டுகள் இருக்கின்றன அல்லவா. விளிம்பை உருட்டிவிட்டால் கோப்பை வைக்கும் தட்டுகளாகிவிடும். இரண்டைத் தனியே எடுத்து வையுங்கள், தளத்தில் பொருத்தும் கொக்கிகளுக்கு அடியில் வைக்கும் திண்டாக அவை எப்போதாவது கைகொடுக்கும்.

120 × 200 மி.மீ. அளவில் ஒரு துண்டு மிஞ்சினால் புட்டி திறப்பான் பலகை செய்யலாம். மேலே திறப்பானைத் திருகி, கீழே பலகையின் பின்புறம் குழி தோண்டி ஒரு காந்தத்தை வைத்தால், மூடிகள் தாமாகவே பலகையில் ஒட்டிக்கொள்ளும். மூடிகள் எஃகுத் தகட்டால் ஆனவை. தளத்தில் ஒரு மூடி ஒரு இரவு ஈரத்தில் கிடந்தால் போதும், படகின் வெள்ளை மேற்பூச்சான ஜெல்கோட்டில் பழுப்பு வட்டம் ஒன்றை விட்டுவிடும். இந்தப் பலகையைத் திசைகாட்டியிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளிப் பொருத்துங்கள். மாட்டுவதற்கு முன், பலகையை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தும் விலக்கியும் திசைகாட்டி முள் அசைகிறதா என்று பாருங்கள். சற்றேனும் அசைந்தால் வேறு இடம் தேடுங்கள்.

தாங்கிக்குப் பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. நன்னீரும் தூரிகையும் போதும். சொரசொரப்பான பரப்பில் பூஞ்சை பிடித்தால் நீர்த்த பிளீச்சால் தேய்க்கலாம். முதல் பயணம் முடிந்ததும் வாஷர்களைத் தூக்கிப் பாருங்கள். பெரிய துளைகளைச் சுற்றி மெல்லிய தேய்மானக் கோடு இருந்தால், பலகை வேண்டிய அளவு அசைந்திருக்கிறது, ஸ்க்ரூக்களை மறுபடி இறுக்க வேண்டாம்.